ஐயாவின் கக்கூஸ் அடைத்த நாள்

முப்பதுகளின் கடைசி. இரண்டாவது பெரிய யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் அடைத்துக்கொண்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். மறக்க முடியாத அனுபவம் என்றால் மற்றவர்கள் தேர்த் திருவிழாவையும் கப்பல் பயணத்தையும் எழுதுவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான், என்ன செய்ய?

என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். மலாயாவிலிருந்து வந்தவர்கள் எல்லாம் பட்டும் பவுனும் கொண்டுவந்தார்கள். ஐயா மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி ஒரு வெள்ளைப் பீங்கான் கக்கூஸ் கோப்பையைக் கொண்டுவந்தார். அந்த நாளில் எங்கள் ஊரில் பெரும்பாலானவர்கள் வளவுக்குப் பின்னாலிருந்த பனங்காணிக்குப் போகிறவர்கள். சில வீடுகளில் மட்டும் குழி வெட்டி, மேலே பலகை போட்டிருப்பார்கள். ஐயாவின் கோப்பைக்கு அடியில் ஒரு வளைந்த குழாய் இருந்தது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று மணத்தை மேலே வரவிடாது. ஒரு வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் எல்லாம் பின்னாலுள்ள குழிக்குப் போய்விடும். ஊரே வந்து பார்த்தது. ஒரு கிழவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உதிலை சோறு போட்டுத் தின்னலாம் போலை கிடக்கு" என்று சொல்லிப் போனார். ஐயாவுக்கு ஒரு கிழமைக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அந்தக் கக்கூஸால்தான் பக்கத்து வீட்டோடு பகையும் வந்தது. இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. எங்கள் பக்கத்து வேலிகள் எல்லாவற்றையும் போல அதிலும் ஒரு பொட்டு இருந்தது. ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. நெருப்பெடுக்க, உப்புக் கேட்க, ஊர்ப் புதினம் கதைக்க என்று பெண்கள் நாங்கள் வெளியே தெரு ஒழுங்கையைச் சுற்றாமல் அதற்குள்ளால்தான் போய்வருவோம். பக்கத்து வீட்டு மாமா புகையிலைத் தோட்டம் செய்கிறவர். சொந்தம் ஒன்றுமில்லை, வாய்நிறைய மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. ஐயாவைவிட இளையவர். அண்ணை அண்ணை என்று ஐயாவையே சுற்றிக்கொண்டிருப்பார். மாமிக்கும் நான் என்றால் உயிர்.

ஐயா கக்கூஸுக்குக் குழி வெட்டத் தொடங்கிய இடம் அவர்களுடைய கிணற்றுக்குக் கிட்ட. கிணற்றுத் தண்ணீர் பழுதாகிவிடும் என்று மாமா வந்து பணிவாகத்தான் சொன்னார். ஐயா கேட்டால்தானே! "மலாயாவிலை நான் பாக்காத கக்கூஸோ? புகையிலைக்கண்டு நடுகிற உனக்கென்ன தெரியும்?" என்றுவிட்டார். மாமாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. ஒழுங்கையில் நின்று, "உதைக் கட்டிப் பாருங்கோ! அலவாங்கைக் கொண்டுவந்து அந்தக் கோப்பையை உடைச்சு எறியிறனோ இல்லையோ எண்டு பாருங்கோ!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். அலவாங்கு என்றால் குழி தோண்டுகிற கடப்பாரை. கடைசியில் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வந்து இரண்டு பேரையும் அடக்கி, குழியை வளவின் மறுகரைக்கு மாற்ற வைத்தார். கிணறு தப்பியது. ஆனால் கதைபேச்சு நின்றுபோயிற்று. ஐயா பொட்டில் கிளுவை மரத் தடிகளைக் கதியால்களாக நெருக்கமாக நட்டு அடைத்துவிட்டார். வருடங்கள் போயின. கதியால்கள் வேர்விட்டுத் தழைத்து, அங்கே பொட்டு இருந்ததே தெரியாமல் போயிற்று.

அப்படியிருக்கும்போது ஒரு வைகாசியில் ஐயாவுக்கு வயிற்றுளைவு பிடித்தது. சாதாரணமாக இல்லை, ஆளை உருக்கி எடுத்துவிட்டது. என் கணவருக்குக் கொழும்பில் உத்தியோகம். இடைக்கிடை ரயிலில் வந்துபோவார். நான் தனியே தவிக்கிறேன் என்று கேள்விப்பட்டு, அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, சாவகச்சேரியிலிருந்து துணைக்கு வந்து நின்றார். ஆங்கில வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி வந்து மருந்து கொடுத்துவிட்டு, "மருந்தைவிடத் தண்ணிதான் முக்கியம். உடம்பிலை தண்ணி வத்தவிட்டால் பிறகு ஆளைப் பிடிக்கேலாது. கஞ்சித்தண்ணி, இளநீர், எதையாவது குடுத்துக்கொண்டே இருங்கோ" என்று கண்டிப்பாகச் சொல்லிப் போனார். கொடுத்தோம். ஐயாவும் குடித்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து, அறைக்குப் பின்னாலிருந்த தன்னுடைய கக்கூஸுக்குத் தானே போய்வந்தார். கொஞ்சம் தேறிக்கொண்டும் வந்தார்.

ஒரு காலையில் வாளித் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் இறங்கவில்லை. கோப்பை விளிம்புவரை ஏறி வந்து நின்றது. பூவரசந் தடி ஒன்றை வெட்டி வந்து குத்தினேன். அது வளைவில் முட்டி நின்றுவிட்டது. இன்னொரு வாளி ஊற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும். பட்டினத்தில் என்றால் வாளிக் கக்கூஸ்களை அள்ள ஆட்கள் வருவார்கள். அவர்களையும் அந்த வேலைக்கென்றே ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. எங்கள் ஊரில் அதற்கு யாருமில்லை, எங்கள் ஆட்களில் ஒருவரும் அதில் கை வைக்கவும் மாட்டார்கள். வைத்தால் ஊர்வாயில் விழுந்து எழும்ப முடியாது. பெருமை அப்படி!

சின்னம்மா ஒரு சட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்து, "அத்தான், நோயிலை கிடக்கிற வருத்தக்காரனுக்கு என்ன வெக்கம்? நாங்கள் எடுத்து ஊத்துவம்" என்றார்.

ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "பொம்பிளைப்பிள்ளை என்ரை சட்டியைத் தூக்கிறதோ? செத்தாலும் நடவாது."

சொன்னது போலவே, நாங்கள் அடுப்படியில் நிற்கும்போது எழும்பிப் பனங்காணிக்கு நடந்திருக்கிறார். பின் வேலியைத் தாண்டவில்லை. வேலியோரம் விழுந்து கிடந்தவரை நானும் சின்னம்மாவும் இழுத்துத் தூக்கிக் கொண்டுவந்து கிடத்தினோம். அதன் பிறகு ஐயா வாயை இறுக மூடிக்கொண்டார். கஞ்சித்தண்ணீர் வேண்டாம், இளநீர் வேண்டாம். "குடிச்சால்தானே போகவேணும்? குடிக்காட்டிப் போகத் தேவையில்லை" என்றார். எவ்வளவு கெஞ்சினேன்! கிளாசைக் கையால் தட்டிவிட்டார். மத்தியானத்துக்குள் உதடு வெடித்து, கண் குழிக்குள் போய்விட்டது. அப்போதிக்கரி சொன்னது காதுக்குள் இரைந்துகொண்டேயிருந்தது. ஒரு வளைந்த குழாய்க்குள் எதுவோ அடைத்ததால் என் தகப்பன் என் கண் முன்னால் போகப்போகிறார் என்று நினைக்க எனக்குக் கால் கை ஓடவில்லை.

தண்ணீர் அள்ளுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன். வாய்விட்டுத்தான் அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கம் கப்பி உருளுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"என்ன பிள்ளை? கொய்யாவுக்கு என்ன, உன்ரை ஐயாவுக்கு?" மாமியின் குரல். எத்தனை காலத்துக்குப் பிறகு! கிடுகோடு முகத்தை வைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போகிற காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அது இன்னும் அழுகையைத் தந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் படலை திறந்தது. மாமா. வேட்டியை மடித்துக்கட்டி, சால்வையைத் தலையில் சுற்றி, தோளில் அலவாங்கு!

சின்னம்மா ஓடிப்போய் வழியை மறித்துக்கொண்டு, "ஐயோ, வருத்தக்காரன் கிடக்கிற வீட்டிலை பழி தீர்க்க வந்திட்டானே!" என்று குளறினார். பழைய சபதத்தை நான்தான் அவருக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

"விலகுங்கோ அக்கா. எங்கை அடைச்சுக் கிடக்கு?" என்று மட்டும் கேட்டார் மாமா.

முதலில் அலவாங்கால் குழி மூடியை நெம்பிப் பார்த்தார். குழி நிரம்பவில்லை. அப்படியென்றால் அடைப்பு வளைவில்தான். கக்கூஸுக்குள் போய்க் குந்தினார். சால்வையை அவிழ்த்து என்னிடம் எறிந்தார். பிறகு முழங்கைவரை கையை உள்ளே விட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அருவருப்பில் இல்லை. இந்த மனுசன், எங்கள் ஐயா ஊரறிய அவமானப்படுத்திய மனுசன், எங்களுக்காக இதைச் செய்கிறாரே என்றுதான்.

கை வெளியே வந்தபோது அதில் கறுத்த கட்டி. சீமெந்து மாதிரி இறுகிய சாம்பல், நடுவில் சட்டி தேய்க்கிற தேங்காய்ப் பொச்சு.

"உதென்ன பிள்ளை, அடுப்பையே உள்ளுக்குத் தள்ளிப்போட்டியளோ?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். சின்னம்மா வானத்தைப் பார்த்தார். சாவகச்சேரியில் அவருடைய வீட்டில் இருந்தது பலகைக் குழி. ஒவ்வொரு முறையும் போய்வந்த பிறகு ஒரு கை அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுவார்கள். மணமும் வராது, இலையானும் மொய்க்காது. அந்தக் குழிக்கு அது நல்ல வழக்கம்தான். வருத்தக்கார வீடாயிற்றே என்று இங்கே அவர் ஒரு கைக்கு இரண்டு கையாகப் போட்டிருக்கிறார், ஐயா போய்வந்த ஒவ்வொரு முறையும், எங்களுக்குச் சொல்லாமல். அள்ளிய சாம்பலோடு சட்டி தேய்க்கிற பொச்சும் சேர்ந்து போயிருக்கிறது. "நான் நல்லதுக்குத்தானே போட்டனான்" என்று சின்னம்மா முணுமுணுத்தார். அதற்கு மேல் அவரை என்ன சொல்வது?

கை எட்டிய அளவுக்கு மாமா அள்ளிவிட்டார். மிச்சம் வளைவுக்கு அந்தப் பக்கம். அந்தக் குழாய் மண்ணுக்குள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். கக்கூஸுக்கு நேரே ஐயாவின் அறை யன்னல். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"பிள்ளை, அவனுக்குச் சொல்லு. வளைவு இடப்பக்கம்."

"மாமா, வளைவு இடப்பக்கமாம்."

"கொய்யாவைக் கேள், அவர் பாக்கிற இடப்பக்கமோ, நான் குந்தியிருக்கிற இடப்பக்கமோ எண்டு."

"ஐயா, மாமா கேட்கிறார்..."

"காது கேட்குது. குந்தியிருக்கிற இடப்பக்கம் எண்டு சொல்லு."

ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் நான் நடுவில் நின்று அஞ்சலோட்டம் ஓடவேண்டும்! அழுவதா சிரிப்பதா என்று எனக்கே தெரியவில்லை. இதற்குள் மாமா பொறுமையிழந்து அலவாங்கின் நுனியை உள்ளே விட்டிருக்கிறார். இரும்பு பீங்கானில் பட்டு 'ணங்' என்றது.

"டேய் தம்பி! உடைச்சுப்போடாதை! பீங்கானடா!"

எழும்ப முடியாமல் கிடந்த ஐயா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தம்பி என்று ஒரு சொல். மாமா அலவாங்கை மெதுவாக வெளியே எடுத்துச் சுவரோடு சாத்தினார்.

"இல்லை அண்ணை. உடைக்கமாட்டன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. "தடி வளையாது தம்பி. என்ரை பிரம்பு கிடக்கு, அதை விடு" என்றார் ஐயா. மலாயாவிலிருந்து சாய்ந்து படுக்கிற சாய்மனைக் கதிரை பின்னுவதற்கென்று கொண்டுவந்து, வீட்டுக் கூரை வளையில் செருகி, எங்களைத் தொடவும் விடாமல் வைத்திருந்த பிரம்பு அது. நான் உருவிக் கொடுத்தேன். மாமா அதைத் தள்ளித் திருப்பினார். "இன்னும் இடப்பக்கம்... ஆ, இப்ப மேலை ஏத்து... முறுக்கு, முறுக்கு." "ஓம் அண்ணை... முட்டுது அண்ணை... இளகுது, இளகுது!" "பிள்ளை, இப்ப ஊத்து! உயரத்திலை பிடிச்சு ஒரேயடியாய் ஊத்து!"

ஊற்றினேன். தண்ணீர் ஏறியது. நின்றது. பிறகு அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி 'களக்' என்று ஒரு சத்தம். அவ்வளவும் சுழன்று உள்ளே இறங்கிப் போய்விட்டது. சின்னம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "பிள்ளையாரப்பா!" என்றார். பிள்ளையாரை அந்த இடத்துக்குக் கூப்பிடலாமா என்று யாரும் யோசிக்கவில்லை.

யன்னலில் ஐயா. "பிள்ளை, அந்தக் கஞ்சித்தண்ணியைக் கொண்டா" என்றார்.

அப்படி ஒரு ஓட்டம் நான் என் வாழ்நாளில் வேறெப்போதும் ஓடியதில்லை. ஐயா கிளாசை இரண்டு கையாலும் பிடித்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணீர் தாரை தாரையாக வந்தது.

மாமா அலவாங்கைத் தூக்கிக்கொண்டு படலையை நோக்கி நடந்தார். "உப்பிடியே ஒழுங்கையாலை போகப்போறியோ? எங்கடை கிணத்தடியிலை குளி" என்றார் ஐயா. நான்தான் அள்ளி அள்ளி மாமாவின் தலையில் ஊற்றினேன். சவுக்காரம் ஒரு கட்டி முழுவதும் கரைந்தது. மாற்றுவதற்கு வேட்டியோடு மாமி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "சுத்திக்கொண்டு வாறன்" என்றார்.

"ஏன் சுத்துறாய்?" அறைக்குள்ளிருந்தே ஐயா கேட்டார். "அந்தக் கிளுவையை வெட்டிப்போட்டு வா."

மாமி கத்தியை எடுத்து வந்து, ஐயா நட்ட கதியால்களை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்தார். பிறகு கையில் வேட்டியோடு பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். நான் போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

ஐயா எழும்பி நடந்தார். இன்னும் பல வருடம் இருந்தார். கக்கூஸுக்குச் சட்டமும் போட்டார். சாம்பல் கத்தரிப் பாத்திக்கு, பொச்சு அடுப்புக்கு, கக்கூஸுக்குள் போவது தண்ணீர் மட்டும், அதுவும் நிறை வாளி, ஒரே ஊற்று. சின்னம்மா வரும்போதெல்லாம் ஐயா அடுப்படியைப் பார்த்து, "சாம்பல் கவனம்!" என்று குரல் கொடுப்பார். சின்னம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும். கதிரை பின்ன வைத்த பிரம்பு கக்கூஸ் மூலையிலேயே தங்கிவிட்டது. ஊர் மாமாவைச் சும்மா விடவில்லை. சுன்னாகம் சந்தையில்கூட யாரோ நக்கலடித்தார்களாம். "நான் என்ரை அண்ணை வீட்டிலைதானே கை வைச்சனான், உங்கடை வீட்டுக்கோ வந்தனான்?" என்று கேட்டுவிட்டு மாமா புகையிலையை விற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

மாமாவும் இல்லை, ஐயாவும் இல்லை. இன்றைக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு அந்தக் 'களக்' சத்தம் கேட்கும்வரை நான் நின்று கேட்பேன். கேட்டதும், என் தகப்பனை எனக்குத் திருப்பித் தந்த அந்தக் கைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன்.