பம்பாய்ச் சித்தப்பா

பேத்தி பூசும் பவுடரின் வாசனையில், பம்பாயில் மூன்று இந்திப் படங்களில் நடித்துவிட்டு, வாய்ப்பில்லாமல் மலாயாவில் குருண் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிவந்த சித்தப்பாவின் நினைவு வருகிறது. ஜப்பான்காரன் காலத்திலும், மரவள்ளி நடப் போகுமுன், தீரப்போகும் பவுடர் டப்பாவைத் தட்டித் தட்டி முகத்தில் பூசிக்கொள்வார்.

ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க லாரி வந்த காலையில், அப்பா காய்ச்சலில் கிடந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்.

"நான்தாங்க," என்று சித்தப்பா முன்னால் போனார்.

கிராணிக்கு ஆள் தெரியும். சற்றுப் பார்த்துவிட்டு, "சரி, ஏறு தம்பி," என்றார்.

"அண்ணன எழுப்பாதீங்க அண்ணி," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சித்தப்பா ஏறினார்.

நான் உள்ளே போனபோது அப்பா விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

சித்தப்பா சயாமிலிருந்து திரும்பவே இல்லை. அவர் போன அன்று யாரும் அழவில்லை. அம்மா கிழங்கு அவித்தாள். அப்பா எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.