கொக்குப் போட்ட பனியன்

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு வெள்ளை பனியன் இருக்கிறது. கழுத்துப் பட்டி கோணலாகத் தைத்த ரிஜெக்ட் பீஸ். நெஞ்சில் ஒரு மீன்பிடி வள்ளம், அதன் நுனியில் ஒரு கொக்கு. நீலம், கருப்பு, இரண்டே கலர். இதுவரை யாரும் போட்டதில்லை. மகள் கேட்டாள். தரவில்லை.

அதை வரைந்தது டிசைனர் அக்கா. திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு சின்ன பிரின்டிங் பட்டறையில் அப்போது வேலை செய்தோம். அவர் கம்ப்யூட்டரில் படம் வரைந்து ஃபிலிம் எடுத்துத் தருவார். நான் அதை வைத்து ஸ்கிரீன் போடுவேன். அப்புறம் பனியனில் அச்சாகும். அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அதிகம் பேசமாட்டார். நானும் அப்படித்தான், அதனால் ஒத்துப்போனது. வேலை இல்லாத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் தனக்கென்று ஏதாவது வரைவார். கடல், வலை, பறவை. ஒருநாள் அதில் ஒன்றுக்கு ஃபிலிம் எடுத்து, "தம்பி, புது மை எப்படிப் பிடிக்குன்னு இதுல போட்டுப் பாரு" என்று கொடுத்தார். ரிஜெக்ட் மூட்டையிலிருந்து ஒரு பனியனை உருவி அடித்தேன். அதுதான் இது.

முதலாளிக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆர்டர் தரும் பார்ட்டிக்கு ஒரு சாம்பிள் போனால் அதேபோல் ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். கவுன்டர் பீஸ் என்போம். திருப்பூரில் எல்லாரும் வைப்பதுதான். சரக்கு போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் கழித்துவிடுவார்கள். இவர் கழிக்கமாட்டார். "பார்ட்டி திரும்பி வந்து கேட்டா?" என்பார். பரண் முழுக்கப் பழைய சாம்பிள். கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்தான். ஒரு பூவின் கலர் மாறினாலும் பழைய படம் அப்படியே கிடக்கும், புதிது தனியாக ஏறும்.

அன்று சாயங்காலம் புதுப் பார்ட்டிக்கு சாம்பிள் காட்ட வேண்டும். குழந்தைகள் டி-சர்ட், ஐந்து கலர். இந்த ஆர்டர் வராவிட்டால் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு, டிசைனை காதர்பேட்டையில் வெளியே கொடுத்து வாங்கிக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் போனால் அக்காவுக்கு அங்கே வேலை இல்லை. காலையிலிருந்தே முதலாளிக்கு எரிச்சல். ரிஜெக்ட் மூட்டைகளைக் காட்டி என்னைத்தான் பிடித்தார். "மூட்டை கட்டி மூலைல போட்டா எடம் காலியாயிருமாப்பா? வேஸ்ட் வண்டி வந்து எடுத்துட்டுப் போனாத்தான் காலி."

மதியம் நெருங்கும்போது படம் முடிந்தது. அக்கா சேவ் கொடுத்தார். ஒரு கட்டம் வந்து நின்றது. ஃபைலை எழுத முடியவில்லை என்று அதில் இருந்ததாம். வேறு பெயர் கொடுத்தார். அதே கட்டம். ஃப்ளாப்பியில் போட்டார். படம் பெரியது, கொள்ளவில்லை. நேராக ஃபிலிம் எடுக்கப் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. காலையில் ஒருமுறை சேவ் ஆனதுதான், ஆனால் அதற்கப்புறம் வரைந்ததுதான் படமே. சர்வீஸ்காரருக்குப் போன் போட்டோம். ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

"அம்மிணி, ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் போடு. மிஷின்னா மக்கர் பண்ணத்தான் செய்யும்" என்றார் முதலாளி.

"ஆஃப் பண்ணுனா படம் போயிரும் மொதலாளி. இப்ப அது திரையில மட்டுந்தான் இருக்கு." என்னைப் பார்த்தார். "தம்பி, மெயின் பக்கம் யாரையும் விடாத."

மதிய பெல் அடித்தால் யாராவது மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது அங்கே வழக்கம். நான் போய் முதுகை அதில் சாய்த்து நின்றேன். அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். கடைசியில், "டிஸ்க்குல எடமே இல்ல. எதையாவது அழிக்கணும்" என்றார்.

"எதைய?"

"பழைய பார்ட்டி எதாவது."

"அதெப்படீங்கம்மிணி? நாளைக்கு வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?" முதலாளி பரணைப் பார்த்தார். ஒன்றையும் விட அவருக்கு மனசு வரவில்லை.

அப்போது கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி சாகக் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். மெயினைக் காத்து இனி என்ன பயன்? அக்கா பின்னால் போய் நின்றேன். அவர் எதையோ அழித்தார். சேவ் கொடுத்தார். அதே கட்டம். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சத்தம் வேகமானது. அக்காவின் பார்வை மூலையிலிருந்த ரிஜெக்ட் மூட்டைகளில் நின்றது.

"ஐயோ, மூட்டை கட்டித்தான வச்சிருக்கேன்" என்றார். அழித்ததெல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில்தான் கிடந்தது. தொட்டியைக் காலி செய்தார். சேவ் கொடுத்தார். அடியில் நீலக்கோடு ஓடியது. முடிந்ததா என்று பார்ப்பதற்குள் திரை அணைந்தது.

கரண்ட் வரும்வரை யாரும் சாப்பிடப் போகவில்லை. அக்கா கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் மெதுவாக எழுந்தது. அக்கா ஃபைலைத் திறந்தார். ஐந்து கலரும் இருந்தது.

"செரி, ஃபிலிமை எடுங்க" என்றார் முதலாளி. சாயங்காலம் சாம்பிள் போனது. ஆர்டரும் வந்தது.

ஸ்கிரீன் கழுவும்போது கேட்டேன், எந்தப் பார்ட்டியை அழித்தீர்கள் என்று.

"பார்ட்டியோடத எப்படி தம்பி அழிக்க? எனக்குன்னு வரைஞ்சது ஒரு ஃபோல்டர்ல கெடந்துச்சுல்லா, அது."

"எல்லாமேவாக்கா?"

"நின்னு ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுக்க நேரம் இருந்துச்சா? போ, மை காயுது."

பிறகு அவருக்குக் கல்யாணமாகி எங்கோ போய்விட்டார். இப்போது என் மகள் டிசைன் வரைகிறாள். அவள் கம்ப்யூட்டர் தானாகவே சேவ் செய்துகொள்கிறது. இருந்தாலும் கரண்ட் போனால் நான் எழுந்து அவள் பின்னால் போய் நிற்கிறேன். சிரிக்கிறாள். அந்தப் பனியனை எதற்குப்பா பூட்டி வைத்திருக்கிறாய் என்கிறாள்.

அக்கா வரைந்ததற்கு யாரும் கவுன்டர் பீஸ் வைக்கவில்லை. இருப்பது இது ஒன்றுதான். திரும்பி வந்து கேட்டால் கொடுக்க வேண்டும்.