முதல் பிரதி வாங்கியவள்

என் சிநேகிதி கமரூன்காரி. டோர்வல் விமான நிலையத்தில் நானும் அவளும் பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறோம். அவளுடைய பூட்டனாரின் முக்காலி டவுன்டவுனில் ஒரு மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அவள் நாட்டை ஜெர்மன்காரர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய சிப்பாய்கள் வீட்டைக் கொளுத்திவிட்டுத் தூக்கிப்போனது. பெட்டிக்குக் கீழே உள்ள அட்டையிலோ, 'குடும்பத்தாரிடம் வாங்கப்பட்டது' என்று கிடக்கிறது. அந்தப் பொய்யைத் திருத்த வேண்டும், முக்காலி ஊருக்குப் போக வேண்டும். அவள் கேட்பது அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களில் ஒரு எழுத்தாளர் இருக்கிறார், பெரிய படிப்பாளி. நான்தான் அவளை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் அழுதழுது சொன்னாள், நான் தமிழில் சொன்னேன், அவர் குறித்துக்கொண்டார்.

"யோசிக்காதேங்கோ தங்கச்சி. இதை நான் நாவலாப் போடுறன். உலகத்துக்குத் தெரியவேணும்" என்றார்.

வெளியீட்டு விழாவில் முதல் பிரதி அவளுக்குத்தான். பொன்னாடை போர்த்தினார்கள், சனம் கை தட்டியது. தமிழில் ஒரு எழுத்தும் தெரியாதவள், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி படத்துக்கு நின்றாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில், "முக்காலி பறிபோன இடத்தை வாசி" என்றாள். எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லலாமென்று பக்கத்தைத் தேடி எடுத்தேன். நாவலில் பூட்டனாரே அதை இரண்டு போத்தல் சாராயத்துக்கு விற்கிறார்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல நா எழவில்லை, உள்ளதைச் சொன்னேன். அங்கேயே அவருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"என்ன அண்ணை இது? சிப்பாய்கள் கொளுத்திப்போட்டு எடுத்ததெண்டெல்லோ அவ சொன்னவ?"

"அட, கதைதானே தங்கச்சி. கொள்ளையடிச்சதெண்டு எல்லாரும் எழுதீட்டினம். இதில ஒரு திருப்பம் இருக்கு. மியூசியத்திலயும் போய்ப் பாத்தனான், அட்டையில அப்பிடித்தானே கிடக்கு."

நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டு விளக்கம் வேறு! "திருப்பமும் மண்ணாங்கட்டியும்!" என்று கத்தினேன். சனம் திரும்பிப் பார்த்தது.

அவள் பொன்னாடையைக் கழற்றி, நேர்த்தியாக மடித்து, புத்தகத்தோடு என் மடியில் வைத்தாள்.

"இதுகளை அவரிட்டத் திருப்பிக் குடு. இனி உங்கட ஆக்களிட்டக் கதை சொல்ல என்னைக் கூப்பிடாத."

நாங்கள் இறங்கும் ஸ்டேஷன் வருமுன்பே இறங்கிப் போய்விட்டாள்.