மூன்றாம் மாடிச் சுவரில் ஒரு மாமியார்

மூன்றாம் மாடியில் செத்துப்போன கிழவி சுவரில் எழுந்து நிற்கிறாள் என்று கட்டிடம் முழுக்கப் பேச்சு. கீழ்த்தளத்து இஸ்திரிக்காரர் சொன்ன கதையில் அவளுக்கு இரண்டு கண். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். இருவரும் நேரில் பார்க்கவில்லை. பார்க்காதவன் சொல்லுக்குத்தானே கையும் காலும் முளைக்கும்.

பார்த்துவரக் கிளம்பியவர் பெயிண்டர். அவருக்கு 'நாடி' என்று பட்டப்பெயர். புறங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவு. பாதி நேரம் வேண்டாம் என்றே முடியும். முதல் இருபது வருஷம் அவரும் ஓதம் ஏறிய சுவர்மேல் கூசாமல் பெயிண்ட் அடித்தவர்தான். புண்ணுக்குப் பவுடர் பூசுகிற வேலை. ஒரு வாடிக்கையாளர், மூன்றே மாதத்தில் உரிந்து விழுந்த சருகையெல்லாம் கவரில் அள்ளிப் போட்டு, 'உங்கள் பொருள், பத்திரமாகத் திருப்பியிருக்கிறேன்' என்று அனுப்பிவைத்தார். அன்றோடு மனிதர் திருந்தி, வருமானத்தைப் பாதியாக்கிக்கொண்டார். அவர் மனைவிக்கு வேறொரு குறை: "முகத்தைப் பாத்துப் பேசுங்கன்னா, எனக்குப் பின்னாடி இருக்கிற சுவரைப் பாக்கறாரு."

கதவைத் திறந்தவள் மருமகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்; வாரம் முழுக்க நைட் ட்யூட்டி.

"மூணு தடவை துடைச்சுட்டேன்ணா. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேன். திரும்ப வந்துட்டாங்க."

மாமியாருக்கு உயிரோடு இருந்தபோது கிடைத்ததைவிட மரியாதை கொஞ்சம் கூடியிருந்தது.

அறை நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. வெளிச்சுவரோடு ஒட்டி ஒரு கட்டில். தலையணைக்கு மேலே கரும்பச்சையாய்ப் பூஞ்சை: வட்டமாக ஒரு தலை, கீழே இறங்கிப் பரந்த தோள். நாடி எத்தனையோ பூஞ்சை பார்த்தவர். எதுவும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இது பார்த்தது.

"ஜன்னலைத் தொறக்கச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. குளிருதுன்னு நான்தான் சாத்தினேன். நான் ட்யூட்டிக்குப் போயிருந்த நேரத்துலதான் போனாங்க. என்னைத் தேடித்தாண்ணா வர்றாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது சரியாகலைன்னா மாசக் கடைசியில நான் கிளம்பிடுவேன். அவர் வந்தா வரட்டும். இல்லன்னா அவங்க அம்மாவோடயே இருக்கட்டும்."

நாடி இரண்டு பிளாஸ்டிக் துண்டை எடுத்தார். ஒன்றைக் கறைமேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார். இன்னொன்றை ஜன்னல் பக்கத்துச் சுவரில்.

"இது என்னண்ணா, மந்திரமா?"

"பின்பக்கம் நனைஞ்சா சுவருக்குள்ள தண்ணி. முன்பக்கம் நனைஞ்சா அறைக்குள்ள தண்ணி. அவ்வளவுதாம்மா என் மந்திரம். ரெண்டு நாள் கதவைத் தொறக்காதீங்க."

அவள் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் போனார். அவள் இன்னும் ட்யூட்டியிலிருந்து திரும்பவில்லை. திறந்தவர் கணவர்; பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். ஜன்னல் பக்கத்துத் துண்டு இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. கறைமேல் ஒட்டியதன் முன்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். பின்பக்கம் சொட்டு ஈரமில்லை.

நாடி துண்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பூட்டிய அறையில் யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள்.

அப்புறம்தான் தலையணையைக் கவனித்தார். நடுவில் குழி. தொட்டார். இளஞ்சூடு.

"தம்பி, வெறுமனே தூங்கினா இவ்வளவு தண்ணி வராது. பேசுறீங்களா?"

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவனைப் போல நின்றார் பரிசோதகர்.

"கொஞ்சம்."

"சுவருகிட்டயா?"

"அம்மாகிட்ட." தலையணையைத் தடவினார். "அவ ட்யூட்டிக்குப் போனதும் வந்து படுத்துக்குவேன். எத்தனை தடவை துடைச்சாலும் வந்துடறாங்க பாருங்க. அது அம்மா மூச்சுதானேண்ணே?"

"மொதல்ல அவங்களுதுதான். ஜன்னல் சாத்தின அறையில, இந்தச் சில்லுனு இருக்கிற சுவரைப் பாத்து எத்தனை வருஷம் படுத்திருப்பாங்க! ஆனா அதையெல்லாம் உங்க வீட்டம்மா முதல் தடவையே துடைச்சாச்சு. இப்ப இருக்கிறது உங்க மூச்சு, தம்பி."

பரிசோதகர் சுவரில் கை வைத்தார். சுட்டதுபோல எடுத்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. அவ கூட இல்லாததாலதான் அம்மா போயிட்டாங்கன்னு நான் குத்தம் சொல்றதா நினைச்சுக்குவா."

"குத்தம் சொல்றீங்களா?"

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள். "என்னண்ணா? அவங்கதானா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. நாடி ஒரு விரலை மேலே தூக்கிக் கூரையைக் காட்டினார்.

"மேல் வீட்டுக் குழாய்."

திருந்திய பிறகு சுவர் விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, "குழாயா? வெறும் குழாயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தியாகவேண்டும், விடிந்ததும் ஜன்னலைத் திறந்தாகவேண்டும், ஈர யூனிஃபார்மை அறைக்குள் காயப்போடக்கூடாது என்று நாடி கட்டளை போட்டார். சுரண்டி, இரண்டு வாரம் காயவிட்டு, அதற்கப்புறமே பெயிண்ட். பரிசோதகர் ஒன்றுவிடாமல் செய்தார்; படுக்கை கூடத்துக்கு மாறியது. மாதக் கடைசி வந்தது. அவள் கிளம்பவில்லை. சுவரிலும் யாரும் வரவில்லை.

ஆனால் மேல் வீடு என்று ஒன்று இருக்கிறதே. அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற பிளான் வரைகிறவர். குழாய் எங்கே போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் கோடு போட்டுக் காட்டுவார். குடியிருப்போர் சங்கம் கூடித் தீர்மானம் போட்டு, அவர் குளியலறைத் தரையைப் பெயர்த்துப் பார்த்தது. குழாய் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. பெயர்த்த பாவத்துக்கு அதை மாற்றிவிட்டுப் போனார்கள். இப்போது மனிதர் படியிறங்கினால், "ஒழுகல் நின்னுடுச்சா சார்?" என்று விசாரிக்காதவர் இல்லை.

ஒருநாள் படிக்கட்டில் நாடியை மறித்தார்.

"காசு கீசு வேண்டாங்க. என் குழாய் ஒழுகலைன்னு சங்கத்துல வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். அந்த வார்த்தையைச் சொன்னால், அப்படியானால் அது என்ன என்று கீழே ஒருத்தி கேட்பாள் என்பதும் தெரியும்.

"சொல்றேன் சார்."

"எப்போ?"

"இந்த வாரமே."

அந்த வாரம் போய், இது ஏழாவது வாரம்.