நின்றதாகச் சொன்ன மோட்டார்கள்

என் மேலதிகாரி கோபம் வந்தால் மரியாதையைக் கூட்டுவார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காந்திபுரத்தில் எங்கள் அலுவலகம். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் தோட்டத்து மோட்டார்களைத் தானாக நிறுத்தும் பெட்டிக்கு ரஸ்ட் என்னும் கணினி மொழியில் நிரல் எழுதினேன். நான்கு மோட்டார்கள், அவற்றுக்கு நான்கே இடமுள்ள அர்ரே, அதாவது பட்டியல். அதைச் சுற்றிவரும் லூப்பில் ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே தொட்டு நிறுத்தும்படி எழுதியிருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, எதுக்குங்க இத்தன சுத்தி வளைக்கறீங்க? மதிப்பாவே எடுத்து ஓட்டுங்க, பாக்க லட்சணமா இருக்கும்" என்றார் மேலதிகாரி.

"அப்பிடி எடுத்தா கைக்கு வர்றது நகலுங்க. நகலத்தான் நிறுத்துவோம். நெச மோட்டார் ஓடிட்டே இருக்குமுங்க."

"நீங்க இன்னும் நிரந்தரம் ஆகலீங்க, பாத்துக்கோங்க" என்று சிரித்தார். வரியை அவரே மாற்றினார். நகலெடுக்கலாம் என்று நிரலில் மோட்டார் வகைக்கு அவர்தான் முன்பே குறித்து வைத்திருந்தார். அதனால் நிரலில் பிழை பிடிக்கும் கம்பைலரும் வாயைத் திறக்கவில்லை. அலுவலகத்தில் சோதிக்க மோட்டார் கிடையாது. திரையில் நான்கும் 'நின்றது' என்று வந்ததும் தலையாட்டிவிட்டார்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பெட்டியை மாட்டிச் செய்துகாட்டினோம். தண்ணீர் இறங்கியது. திரையில் நான்கும் நின்றன. கிணற்றடியில் நான்கும் உறுமின.

"ஏனுங்க, நின்னுபோச்சுங்குது, ஓடுதுங்களே!" என்று தோப்புக்காரர் சுவிட்சுக்கு ஓடுவதற்குள் ஒரு மோட்டாரில் காயில் கம்பி கருகிய நாற்றம் வந்துவிட்டது.

மேலதிகாரி கை கூப்பினார். "மன்னிச்சுக்கோங்க. அம்மணி புதுசுங்க, தப்பா எழுதிப்போட்டாங்க."

அந்த ஆள் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டால் வேலை நிரந்தரமாகும் என்பதும் தெரியும்.

"அந்த வரிய மாத்துனது இவருங்க. வேண்டாம்னு நான் சொன்னனுங்க" என்றேன்.

திரும்பும்போது மேலதிகாரியின் கார் என்னை ஏற்றாமல் கிளம்பியது. பஸ் பிடித்து ஊர் வந்தேன். அந்த மாதத்தோடு வேலையும் போயிற்று.

போன வாரம் அங்கே வேலை பார்க்கும் தோழி போன் செய்தாள். பெட்டி நன்றாக விற்கிறதாம். அந்த லூப்பை அவரே திருத்திவிட்டாராம், நான் முதலில் எழுதியபடியே. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைத் தன் கண்டுபிடிப்பு என்று பாடம் எடுக்கிறாராம், ரொம்ப மரியாதையாக.