சஜிதாவின் டார்பிடோ படகு

நானூறு. இந்த எண்ணை மனதில் வையுங்கள். சஜிதாவின் படகுக்கு மொத்த உயிரே அவ்வளவுதான். எதிரே வரும் போர்க்கப்பலுக்கு நாற்பதாயிரம்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் முந்நூறு மரத்தில் பால் வெட்டிவிட்டு, அது சொட்டி மரத்தில் கட்டிய சிரட்டை நிறையும்வரை அவள் ஏறி உட்காருவது ஒரு பாறை. அதன் உச்சியில் மட்டும்தான் சிக்னல். தலையில் துண்டு, காதில் இயர்போன், கையில் மூலை உடைந்த போன். கட்டைவிரலில் காய்ந்த பாலை உரித்து எறிந்த பிறகுதான் திரையைத் தொடுவாள். இல்லாவிட்டால் படகு திரும்பாது.

வயது நாற்பத்தொன்று. இந்தக் கடற்சண்டை விளையாட்டில் அவளைச் சேர்த்துவிட்டது கொழுந்தன் பெனின், மஸ்கட்டில் வேலை. அவனுக்கும் அவன் அறைத்தோழர் இருவருக்கும் பெரிய பெரிய கப்பல். இவளுக்கு, தண்ணீருக்கடியில் பாய்ந்துபோய் வெடிக்கும் இரண்டு டார்பிடோவும் பேய் ஓட்டமும் கொண்ட குட்டிப் படகு. நேராக ஒரு குண்டு பட்டால் கதை முடிந்தது. "பெருசுல ஏறுனா திரும்பவே ஒரு நாளு ஆவும். எனக்கு அது ஒத்துவராது" என்பாள்.

வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் லீவு. பெனின் கறாராகச் சொல்லிவிட்டான்: "மைனி, இன்னைக்கும் தோத்தா படக மாத்தணும். இல்லேன்னா டீமுல வேற ஆளப் போடுவேன்."

ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடம் மஸ்கட்காரர்களின் மூன்று கப்பலும் மூழ்கிவிட்டன. மிச்சம் சஜிதா. எதிரிக்கும் ஒரே ஒரு போர்க்கப்பல்தான், அதுவும் பாதிக்குமேல் அடிபட்டு ஒரு தீவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. சஜிதா தீவின் மறுமுனைக்குப் பாய்ந்தாள். ஒன்றுமில்லாத தண்ணீரில் இரண்டு டார்பிடோவையும் விட்டாள்.

"மைனீ! வெறும் தண்ணியிலயா விடுதிய?"

"கெடந்து கத்தாத மக்கா. வெட்டுன ஒடனே சிரட்ட நெறஞ்சிருமா? பொறு."

போர்க்கப்பல் மூக்கை நீட்டியது. சுட்டது. குண்டின் சிதறல் படகை உரசிப் போனது. பக்கத்து மரங்களில் பால் வெட்டிவிட்டு அதே பாறையில் உட்கார்ந்திருந்த ரெஜிலா எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒனக்க படகுல பொக வருதுல்லா!"

"வரட்டும். நீ வாய மூடு."

முதல் டார்பிடோ தவறியது. இரண்டாவது, கப்பலின் நடுவயிற்றில் ஏறியது; கப்பல் மூழ்கியது. மஸ்கட் அறையின் கூச்சல் இயர்போனைத் தாண்டி ரெஜிலாவுக்கே கேட்டது.

"மைனி, நீங்க அந்தப் படகுலயே இருங்க! கேக்குதா? மைனி!"

சஜிதா போனையும் இயர்போனையும் ரெஜிலாவின் மடியில் போட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் இறங்கினாள். பால் எடுக்கிற நேரம்.

ரெஜிலா திரையைக் குனிந்து பார்த்தாள். படகின் மிச்ச உயிர், ஒன்பது.