பாஞ்சாலை போடாத ‘சரி’

பாஞ்சாலையை அடக்கமான பெண் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். மெதுவாகப் பேசுவாள், அவ்வளவுதான். மெதுவாகப் பேசிக்கொண்டே முடியாது என்று சொல்லிவிடுவாள். 2009இல் ஒரு அலுவலகத்துக்கே அப்படிச் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

என் பெயர் சுபலட்சுமி. ஆரணியில் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தரும் கடை எங்களுடையது. பாஞ்சாலை சந்தவாசலில் கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கல்லூரி விடுமுறைகளில் எங்கள் கடையில் பார்டரும் முந்தானையும் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்திருக்கிறாள். பிறகு எம்.சி.ஏ. முடித்துச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். அப்பா ஜெயச்சந்திரன் பக்கவாதம் வந்து படுத்துவிட்டதால், ஊரிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டாள். கொடுத்தார்கள். மேலாளர் லோகநாதன் தன் சொத்தில் பாதியை எழுதிவைத்ததுபோல அதை அடிக்கடி ஞாபகப்படுத்துவார். சந்தவாசலில் இன்டர்நெட் இல்லை. அதனால் தினமும் பஸ்ஸேறி எங்கள் கடைக்கு வந்து உட்காருவாள். அவள் சம்பளத்தில்தான் அப்பாவின் மருந்தும் வீட்டு அடுப்பும்.

அவள் வேலை எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பெரிய பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாக்கிப் பல கணினிகளில் பரப்பிவைக்கும் ஒரு மென்பொருள். அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதுவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யார் திருத்தம் அனுப்பினாலும், உரிமை பெற்ற ஒருவர் படித்துப் பார்த்து ‘சரி’ போட்டால்தான் உள்ளே போகும். அப்படி உரிமை உள்ள ஒருவர் காரணம் சொல்லி ‘வேண்டாம்’ போட்டுவிட்டால், அந்தக் குறையைச் சரிசெய்யும்வரை நகராது. அந்த உரிமையைப் பாஞ்சாலை வருஷக்கணக்காக உழைத்து வாங்கியிருந்தாள்.

அந்த மென்பொருளைத் தன் வாடிக்கையாளர்களுக்கு அமைத்துக் கொடுக்கும் அவள் அலுவலகத்திலிருந்தே 2009இல் ஒரு திருத்தம் வந்தது. ஒரு இடத்துக் கணினிகளிலிருந்து இன்னொரு இடத்துக்குக் கோப்புகளை நகலெடுக்கும் நிரலில் மாற்றம். அங்கே ஏற்கனவே அதே பெயரில் கோப்பு இருந்தால், பழைய நிரல் இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வேறாக இருந்தால் புதிதாக எழுதும். அதற்கு நேரம் பிடித்தது. லோகநாதனின் ஆட்கள் அந்த ஒப்பீட்டையே வெட்டிவிட்டு, அளவு ஒன்றாக இருந்தாலே போதும், தாண்டிப் போய்விடு என்று எழுதியிருந்தார்கள். வேகம் பிரமாதம்தான். அனுப்பிய கையோடு பாஞ்சாலையை ‘சரி’ போடச் சொன்னார்கள்.

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

“இன்னாடி, மூஞ்சே சரியில்ல?” என்றேன்.

“சுபா, அன்னம் போட்ட பார்டர் ஒண்ணு வெச்சிகினு இருப்பியே. அதுல அன்னத்த எடுத்துட்டு யானை போட்டுக் குடு. கட்டம் கூடக்கூடாது, குறையக்கூடாது.”

போட்டுக் கொடுத்தேன். எங்கள் டிசைன் கோப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே இடம்தான். கட்டங்களின் எண்ணிக்கை மாறாதவரை, அன்னம் இருந்தாலும் யானை இருந்தாலும் கோப்பின் அளவு மாறாது. அவள் அந்தப் புது நிரலை ஓட்டி முதலில் அன்னத்தை நகலெடுத்தாள். அதே பெயரில் யானையை வைத்து மறுபடி நகலெடுத்தாள். எல்லாம் முடிந்தது, பிழை எதுவும் இல்லை என்று நிரல் சொன்னது. போய்ச்சேர்ந்த கோப்பைத் திறந்தால், உள்ளே அன்னமே உட்கார்ந்திருந்தது.

அதை நம்பித் தறியில் மாட்டும் டிசைன் அட்டைக்குத் துளை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

பாஞ்சாலை ‘வேண்டாம்’ போட்டாள். இரண்டு படங்களையும் சேர்த்து, அந்த மென்பொருளின் பொதுத் தளத்தில் உலகமே பார்க்கும்படி போட்டாள். உடனே லோகநாதனிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் வைத்தாள்.

“இன்னா பாஞ்சாலை இது? நம்ம ஆபீஸ் பேரையே கெடுத்துட்டியே. கிளையன்ட் காத்துகினு இருக்காரு, ஜல்தி ஒரு ஓகே போடுவன்னு பார்த்தா, சேலைப் படத்தக் காட்டிப் பாடம் எடுக்கிற!”

“தப்பா இருக்குதுங்க சார்.”

“நம்ம கிளையன்ட்டோட கோப்பு தினமும் அளவு மாறிகினே இருக்கும். நமக்கு இதனால ஒண்ணும் ஆகாது.”

“நிரல் நமக்கு மட்டும் இல்லீங்களே. ஊர் உலகமே ஓட்டுது. அளவு மாறாத கோப்பு வெச்சிருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? நகல் ஆயிடுச்சின்னு நம்பி மூலத்த அழிச்சிட்டா அப்புறம் எங்க போய்த் தேடறது?”

“ஊர்லயே உக்காந்து வேல பாக்கறதுக்கு விட்டது யாருன்னு மறந்துட்டியா? இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள அந்த ‘வேண்டாம்’ போயிருக்கணும். இல்லன்னா நீ போயிருப்ப.”

போனை வைத்தாள். அவளுக்கும் பயம்தான், பயமில்லாமல் என்ன? வீட்டில் படுத்திருப்பவரை நினைத்தால் யாருக்கும் பயம் வரும். “எடுத்துடுடி, உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?” என்று நானே சொன்னேன்.

“படிச்சிப் பார்த்தேன்னு என் பேரு போட்டுக் குடுக்கறேன் சுபா. தப்பப் பார்த்துட்டு சரின்னு போட்டா அது பொய்தானே?”

சாயங்காலம் வந்தது. ‘வேண்டாம்’ அப்படியே இருந்தது. வேலை போயிற்று.

அலுவலக மெயிலை அன்றே மூடினார்கள். அதோடு அவள் வாயையும் மூடியாயிற்று என்று லோகநாதன் நினைத்திருப்பார். பாவம் மனுஷன். அந்த உரிமை நிறுவனத்துக்குக் கொடுத்ததல்ல, பாஞ்சாலை என்ற ஆளுக்குக் கொடுத்தது. வேறு ஆட்களைப் பிடித்து ‘சரி’ வாங்கப் பார்த்தார். எல்லோரும் யானை எங்கே போயிற்று என்றே கேட்டார்கள்.

அந்த மாதங்கள் பாஞ்சாலைக்குச் சுலபமாகப் போகவில்லை. எங்கள் கடையில் பார்டர் வரைந்தாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் சொல்லிக்கொடுத்தாள். அப்பாவின் மருந்துக்கு அவள் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அந்த ஆத்திரத்தில் லோகநாதனை நான் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

கடைசியில் அவர் இறங்கி வந்தார். உள்ளடக்கத்தை ஒப்பிடும் பகுதியை மறுபடி சேர்த்துத் திருத்தம் அனுப்பினார். கூடவே போனும் வந்தது. இந்த முறை குரலில் தேன்.

“நீ சொன்னபடியே மாத்திட்டோம்மா. இப்ப ஒரு ஓகே போட்டுடு. போட்டதும் திங்கக்கிழமையே பழைய வேலையில சேர்ந்துக்கலாம். ஊர்லயே இருந்து பாரு, நான் கேக்க மாட்டேன்.”

நான் அவள் முகத்தையே பார்த்தேன். போட்டுடுடி என்று என் மனசு அடித்துக்கொண்டது. பாஞ்சாலை திரையை மேலும் கீழும் நகர்த்திப் படித்தபடியே பேசினாள்.

“வேலைய இதோட சேர்க்காதீங்க சார். நகல் பாதியில அறுந்துபோச்சின்னா, அரைகுறைக் கோப்ப முழுக் கோப்போட பேர்லயே விட்டுட்டு வந்துடுது உங்க நிரல். அத சரி பண்ணி அனுப்புங்க, பாக்கறேன்.”

போனை வைத்துவிட்டு, அதையே எழுத்திலும் போட்டாள்.

லோகநாதன் சரி செய்து அனுப்பினார். அதில் தப்பில்லை. பாஞ்சாலை ‘சரி’ போட்டாள். வேலையைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.